நாலு சட்டை போட்ட கடுகு

— கண்ணாடியில மூக்க வெக்காதீங்க அண்ணி, ஆவி படியுது. நீங்க தெரியல, உங்க மூச்சுதான் தெரியுது.

— அப்போ கதவத் தொற பாப்பா. உள்ள வந்து பல்லி மாதிரி சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறேன்.

— ஆசிட் ரூமுக்குள்ள ஃபர்னஸ் ஆளுங்க வரக் கூடாது. இன்டர்காம்ல பேசிக்கிட்டு இருக்கிறதே அதிகம்.

— நான் ஃபர்னஸ் ஆளா? உங்க அண்ணன் பொண்டாட்டிடி!

— அது வீட்ல. இங்க நீங்க கோட்டிங் செக்‌ஷன், நான் டெஸ்டிங் செக்‌ஷன். நேத்து மேடம் என்னக் கூப்பிட்டு நிக்க வெச்சு சொன்னாங்க. “அண்ணி போட்ட பேட்ச நாத்தனார் சோதிக்கிறது எனக்குப் பிடிக்கல. உன்கூட வேலை பாக்குறவர் கால ஒடச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு, வேற ஆளில்ல. உறவ கேட்டுக்கு வெளிய விட்டுட்டு வா”ன்னாங்க.

— அந்தப் பூதக்கண்ணாடி வேற எப்படிப் பேசும்? அதுக்குப் புருஷன் காப்பி நல்லாருக்குன்னு சொன்னாலே பத்தாது, எந்த அடிப்படையிலன்னு கேக்கும்.

— மெதுவா அண்ணி! இந்த வராந்தாவுலதான் நடந்துக்கிட்டே இருப்பாங்க. குவாலிட்டி ஹெட்ட இப்படிச் சொல்லிக்கிட்டிருந்தா ஒருநாள் நேர்லயே வாயில வந்துரும்.

— வரட்டும். இன்னிக்கு எனக்கு யாரப் பாத்தும் பயமில்ல. இப்ப எது வரைக்கும் வந்திருக்கு, அத மட்டும் சொல்லு தங்கம்.

— உங்க பேட்ச்ல எடுத்த கடுகு மணியெல்லாம் ராத்திரி பூரா அடுப்புல எரிஞ்சுது. மேல இருந்த கரியெல்லாம் போயிடுச்சு. காலையில ஆசிட்ல போட்டுக் கொதிக்க வெச்சு, அத வடிச்சு எடுத்துட்டு, புது ஆசிட் ஊத்தி ரெண்டாவது தடவையும் காய்ச்சிட்டேன். ரெண்டும் இங்க பாட்டில்ல இருக்கு. ஆறட்டும்.

— எந்தப் பாட்டில்? தூக்கிக் காட்டு. கலங்கலா இருக்கா?

— தண்ணி மாதிரிதான் இருக்கு. ஒண்ணு ரெண்டு மணி கரைஞ்சிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மெஷின்தான் சொல்லணும்.

— தண்ணி மாதிரி இருக்கா? ஐயோ, அப்போ இப்பவே மெஷின்ல ஊத்திப் பாருடி.

— காலையில சாப்பிட்டீங்களா?

— எங்க சாப்பிட்டேன்! தட்டுல போட்டேன், உங்க அண்ணன் வந்து வம்பிழுத்தாரு, எழுந்துட்டேன். என்ன கேட்டாரு தெரியுமா? “கடுகு சைசுல ஒரு உருண்டை. அதுக்கு நாலு சட்டை போட்டு விடுறீங்க. இதுக்கா வீட்ல ரெண்டு பொம்பளைங்க கால்ல வெந்நி ஊத்திக்கிட்ட மாதிரி பறக்குறீங்க?”

— விட்டீங்களா அவர?

— விடுவேனா? டியூட்டிக்குக் கெளம்புன மனுஷன வாசல்லயே மறிச்சுட்டேன். பஸ் போனாப் போகட்டும்னு பாடம் எடுத்தேன். உள்ள இருக்கிறது யுரேனியம், பீங்கான் சுடுற மாதிரி சுட்டு எடுத்த உருண்டை. அது ரியாக்டர்ல கெடந்து சூடு குடுக்கும், குடுக்கக் குடுக்க உள்ள விஷக்காத்து சேரும். முதல் சட்டை பஞ்சு மாதிரி கரி, அந்தக் காத்துக்கு இடம் குடுக்கும். ரெண்டாவது கெட்டிக் கரி. மூணாவதுதான் சட்டை, மத்ததெல்லாம் உள்பாவாடை. கல்லு! அது விரியாம இருந்தா ரியாக்டரே கொதிச்சாலும் உள்ள இருக்கிற விஷம் உள்ளேயே கெடக்கும். நாலாவது அதுக்கு மேல ஒரு கரி உறை. இப்படி ஒவ்வொரு கடுகும் பூட்டுன பெட்டி, அப்படின்னேன்.

— அண்ணன் என்ன சொன்னாரு?

— “அதுல ஒண்ணு கிழிஞ்சிருந்தா?”ன்னாரு. டிரைவர் புத்தி பாத்தியா, வண்டி எவ்வளவு வேகம் போகும்னு கேக்கல. நேரா பிரேக்குக்குத்தான் போகுது.

— அந்தக் கேள்விக்குத்தான் நான் இங்க ஆசிட் காய்ச்சிக்கிட்டு நிக்கிறேன். கல்லுச் சட்டை முழுசா இருந்தா ஆசிட் உள்ள நுழையாது. விரிசல் இருந்தா நுழைஞ்சு யுரேனியத்தக் கரைச்சுரும். எவ்வளவு கரைஞ்சுதோ, அத வெச்சு எத்தன மணி கிழிஞ்சுதுன்னு கணக்கு.

— எனக்கே பாடமா? போடி. அரை டம்ளர் சாம்பிள், அதுல லட்சம் மணி, ஒண்ணு கூடக் கிழிஞ்சிருக்கக் கூடாது. இத நான் தூக்கத்துலயே சொல்வேன்.

— சொல்றீங்க. பக்கத்து ரூம்ல எனக்குக் கேக்குது.

— முதல் பேட்ச்ல பதிமூணு. ரெண்டாவதுல ஆறு. மூணாவதுல மூணு. இந்தத் தடவ ஒண்ணு வந்தாலும் கதை முடிஞ்சுதுன்னு டைரக்டர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. ஃபர்னஸ அணைச்சுட்டு மணிய வெளியிலருந்து ரெடிமேடா வாங்கிக்கப் போறாங்களாம். ரெடிமேடு! பனியன் வாங்குற மாதிரி!

— பூஜ்யம் வந்தா?

— பூஜ்யம் வந்தா புது ரியாக்டர்ல முதல் முதலா எறங்குறது என் ஃபர்னஸ்ல பொறந்த மணி. நெனச்சுப் பாரு! அத நெனச்சா எனக்கு இங்கயே குதிக்கணும் போல இருக்கு.

— ஏற்கெனவே குதிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க. உங்க தொப்பி ஏறி ஏறி எறங்குறது இங்கிருந்து தெரியுது.

— இந்தத் தடவ நான் செஞ்சது வேற வேலைடி. முன்னாடியெல்லாம் என்ன பண்ணினோம்? ஒரு பூச்சு முடிஞ்சதும் ஃபர்னஸ ஆற வெச்சு, தொறந்து, மணிய வெளிய கொட்டிப் பாத்துட்டு, திரும்ப உள்ள போட்டோம். புள்ள தூங்குதான்னு எழுப்பிப் பாக்குற மாதிரி. கொட்டுறப்பதான் கிழியுதுன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு. இந்தத் தடவ தொறக்கவே இல்ல. நாலு சட்டையும் ஒரே ஓட்டத்துல. கீழேருந்து காத்து அடிக்குது, மணியெல்லாம் பொங்கிப் பொங்கி விழுது, நான் சுவத்துல காது வெச்சுக் கேக்குறேன். தகரக் கூரையில மழை விழுற மாதிரி ஒரே சீரு!

— டைரக்டர் ஒத்துக்கிட்டதுதான் அதிசயம்.

— எங்க ஒத்துக்கிட்டாரு? “உள்ள என்ன நடக்குதுன்னு பாக்காம எப்படிம்மா?”ன்னாரு. மாத்திரை கம்பெனியில பூச்சு போட்டப்ப நான் நடுவுலயா நிறுத்தி நிறுத்திப் பாத்தேன்னு கேட்டேன். “மாத்திரை வேற, இது வேற”ன்னாரு. வேறதான். மாத்திரை கிழிஞ்சா கசக்கும், இது கிழிஞ்சா ஊரே கெட்டுப் போகும். அதுக்காகத்தான் தொறக்க வேணாங்கிறேன்னு ஒரே பிடியா நின்னேன்.

— அந்தப் பிடிவாதத்த நான் மாத்திரை கம்பெனியிலயே பாத்தவதானே. அதப் பாத்துட்டுத்தான் எங்க அண்ணனுக்கு நீங்கதான் சரின்னு வீட்ல போய் சொன்னேன்.

— ஆமா, பெரிய தரகர்! கேன்டீன்ல எனக்கு ரெண்டு டீ வாங்கிக் குடுத்து ஒரு மனுஷனத் தலையில கட்டிட்ட.

— கமிஷன் இன்னும் வரல.

— பூஜ்யம் காட்டு, தர்றேன். ஆறிடுச்சா?

— ஆறிடுச்சு. மெஷின்ல வெக்கப் போறேன். அண்ணி, கண்ணாடியத் தட்டாதீங்க, பாட்டில் சிந்திரும்.

— தட்டல, தட்டல. கைய பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். பாரு.

— முதல்ல...

— நம்பர் வருது! நம்பர் வருதுடி! பூஜ்யம்! பூஜ்யம் பாப்பா! பூஜ்யம்! அம்மா, பூஜ்யம்ம்மா, பூஜ்யம்!

— அண்ணி! அண்ணி, நில்லுங்க!

— எங்க நிக்கிறது, பூஜ்யம்டி!

— அது வெறும் ஆசிட் அண்ணி. மெஷின் சுத்தமா இருக்கான்னு பாக்க முதல்ல வெறும் ஆசிட்டத்தான் குடுப்போம். உங்க பேட்ச இன்னும் தொடவே இல்ல.

— ...அத முதல்லயே சொல்லக் கூடாதா?

— சொல்லத்தான் வாயெடுத்தேன். யாரது, யாரயோ கட்டிப் பிடிச்சுத் தூக்கிட்டீங்களே?

— செக்யூரிட்டி அம்மா. பாவம், இந்தப் பக்கமா போனாங்க. பரவாயில்ல, அவங்களும் சிரிச்சுட்டுத்தான் போறாங்க. எதுக்குன்னு கூடக் கேக்கல, வாழ்த்துக்கள்னு சொல்லிட்டுப் போறாங்கடி!

— திரும்பி வந்தா சொல்லிருங்க, இன்னும் எதுவும் பொறக்கலன்னு.

— கிண்டல் பண்ணாத. குடு, என் பேட்சக் குடு அதுக்கு.

— குடுத்தாச்சு. இப்ப உறிஞ்சுது. ஒரே பாட்டில மூணு தடவ அளக்கும். மூணும் முடிஞ்சாத்தான் நம்பர் வரும்.

— ஒண்ணு ஆச்சா?

— ஆச்சு.

— என்ன காட்டுது?

— மூணும் முடியட்டும்.

— ரெண்டு?

— ம்.

— என்ன ம்? பூதக்கண்ணாடி மாதிரி ம்ங்குற? பாப்பா, ஏன் திரும்பி நிக்கிற? இந்தப் பக்கம் திரும்பு. பாப்பா!

— ஒரு நிமிஷம் அண்ணி.

— உன் காது செவந்து போச்சு. எனக்குத் தெரியும், உனக்குக் கெட்ட சேதின்னா முதல்ல காதுதான் செவக்கும். சொல்லு.

— ஒண்ணு.

— என்ன ஒண்ணு?

— ஒரு மணி அண்ணி. ஒரு மணிக்குள்ள எவ்வளவு யுரேனியம் இருக்குமோ, அச்சு அசலா அவ்வளவு கரைஞ்சிருக்கு.

— விளையாடாத.

— இதுல விளையாடுவேனா?

— மெஷினுக்கு என்னவோ ஆயிருக்கு. தட்டிப் பாரு, அணைச்சுப் போடு.

— இப்பதானே வெறும் ஆசிட்டுக்குப் பூஜ்யம் காட்டுச்சு. அதுக்குத்தானே அந்தம்மாவத் தூக்குனீங்க.

— சரி, ரெண்டாவது பாட்டில்! ரெண்டாவதா காய்ச்சினியே, அத ஓட்டு!

— ஓட்டுறேன். ...பூஜ்யம்.

— பாத்தியா! பூஜ்யம்!

— அதுக்கு அர்த்தம் வேற அண்ணி. கிழிஞ்சது ஒண்ணே ஒண்ணு. அது முதல் ஆசிட்லயே முழுசா கரைஞ்சு முடிஞ்சுது, ரெண்டாவதுக்கு மிச்சமில்ல. உங்களுக்கே தெரியும்.

— தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்.

— பெஞ்சுல உக்காருங்க.

— உக்கார வேணாம் எனக்கு. ஒண்ணு! லட்சத்துல ஒண்ணு! அந்தப் பாழாப்போன ஒண்ணு இந்த அரை டம்ளர்லயா வந்து விழணும்? மீதி பேட்ச் முழுக்க இடமில்லையா அதுக்கு?

— அண்ணி...

— பாப்பா. ஒரு விஷயம் கேக்கட்டுமா?

— வேணாம்.

— நான் இன்னும் கேக்கவே இல்ல.

— உங்க முகம் சொல்லுது. கேக்காதீங்க அண்ணி, என் மேல ஆணை.

— பாத்திரத்துல பழைய மிச்சம் ஒட்டியிருந்துச்சுன்னு எழுது. இந்தச் சோதனை செல்லாது, வேற சாம்பிள் எடுக்கணும்னு எழுது. அதுக்கு முறையில இடம் இருக்கா இல்லையா?

— இருக்கு. பாத்திரம் அழுக்கா இருந்தா.

— இருந்திருக்கலாம்ல?

— அந்தப் பாத்திரத்த நான் கழுவினேன். கழுவின தண்ணியையும் மெஷின்ல ஓட்டிப் பாத்துட்டுத்தான் உங்க மணியப் போட்டேன்.

— அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்? ஒரு வரி பாப்பா. ஒரே ஒரு வரி. நான் பொய்யா பூஜ்யம் போடச் சொல்லல. இன்னொரு சாம்பிள் எடுன்னுதான் சொல்றேன். அதுல கண்டிப்பா பூஜ்யம் வரும்.

— வரலாம். ஆனா இதுல ஒண்ணு வந்துச்சே அண்ணி.

— உன் பாத்திரம் சுத்தம்னு நீ பேர் வாங்குறதுக்கு என் ஃபர்னஸ் போகணுமா? எங்கூட வேலை பாக்குற ஆறு பேர் எங்க போவாங்க? கடைசியில நாத்தனார் புத்தியக் காட்டிட்ட பாரு.

— இத்தன வருஷத்துல நம்ம வீட்ல அந்த வார்த்தைய யாரும் சொன்னதில்ல அண்ணி.

— வாய் தவறிடுச்சு. ஐயோ, நான் மனசறிஞ்சு சொல்லலடி. என்னத் திட்டு. ரெண்டு வார்த்தை திட்டிரு.

— எதுக்குத் திட்டணும்? எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நேத்து அந்த டப்பாவ வாங்கினதுலருந்து நானும் பூஜ்யம் பூஜ்யம்னு மனசுக்குள்ள கத்திக்கிட்டேதான் இருக்கேன். உங்க முன்னாடி முறை பேசிக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான். நம்பரப் பாத்ததும் உங்க முகத்தப் பாக்க முடியல எனக்கு.

— அதான் திரும்பி நின்னியா?

— ஆமா. நீங்க ஏன் இப்ப அழுறீங்க? அழாதீங்க அண்ணி. நீங்க அழுது நான் பாத்ததே இல்ல. எங்க அம்மா போனப்பகூட எங்க எல்லாரையும் தேத்திக்கிட்டு நின்னீங்க.

— அழல. கண்ணு வேர்க்குது.

— சரி. எழுதுறேன்.

— என்ன?

— பாத்திரம் அழுக்குன்னு எழுதுறேன். கண்ணத் தொடைங்க. பேனா எடுத்துட்டேன் பாருங்க. “கழுவியதில் குறை”ன்னு எழுதினாப் போதும். திட்டு எனக்குத்தான் விழும், விழட்டும்.

— எழுது.

— எழுதுறேன்.

— எழுது, எழுது... நில்லு. நில்லு பாப்பா.

— இப்ப என்ன?

— உன் கை நடுங்குது.

— நடுங்கட்டும்.

— கொதிக்கிற ஆசிட்டத் தூக்குறப்பகூட உன் கை நடுங்கி நான் பாத்ததில்லடி. பேனாவக் கீழ வை.

— அண்ணி, நீங்கதானே...

— நான்தான் கேட்டேன். பைத்தியம் புடிச்சுக் கேட்டேன். கீழ வைன்னா வை. நாளைக்கு வேற சாம்பிள்ல பூஜ்யம் வருதுன்னே வெச்சுக்கோ. ரியாக்டர்ல போடுறாங்க. எல்லாரும் கை தட்டுறாங்க. நான் மட்டும் என்ன பண்ணுவேன்? அந்த ஒண்ணு எங்க இருக்கு, அதோட கூடப்பொறந்தது இன்னும் எத்தன உள்ள போயிருக்குன்னு தேடிக்கிட்டு நிப்பேன். உங்க அண்ணன் “கிழிஞ்சா?”ன்னு திரும்பக் கேட்டா அவர் முகத்தப் பாத்து என்ன சொல்வேன்? பாத்திரம் அழுக்குன்னா?

— அப்போ என்ன எழுத?

— ஒண்ணுன்னு எழுது. பெருசா எழுது. எழுத்துலயும் எழுது, எண்ணுலயும் எழுது.

— எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன்.

— காட்டு. கண்ணாடியில வெச்சுக் காட்டு. ம். அழகா இருக்குடி உன் ஒண்ணு.

— அண்ணி, ஒண்ணு சொல்லவா? பதிமூணு, ஆறு, மூணு, ஒண்ணு.

— ஆங்?

— வரிசையா சொல்லிப் பாருங்க.

— பதிமூணு, ஆறு, மூணு... ஒண்ணு. அடியே! எறங்கிக்கிட்டே வருது!

— ஒரே ஓட்டத்துல போட்டு ஒண்ணுதான் கிழிஞ்சிருக்கு. உங்க வழி சரிதான்.

— சரிதான்டி! நூத்துக்கு நூறு சரி! அந்த ஒண்ணு எதனாலன்னு கூட எனக்குத் தெரியும். மூணாவது சட்டை பாதியில சிலிண்டர் மாத்தினோம். மாத்தினப்ப காத்து ஒரு நொடி விக்குச்சு. மழை சட்டுனு நின்னு திரும்பப் பெய்ஞ்சா எப்படி, அந்த மாதிரி சத்தம். நான் காதால கேட்டேன்! அதுலதான் கிழிஞ்சிருக்கும். ரெண்டு சிலிண்டர ஒண்ணா இணைச்சுட்டா விக்கலே வராது. ஐயோ, இது ஏன் எனக்கு முன்னாடியே தோணல?

— டைரக்டர்கிட்ட இதச் சொல்லுங்க.

— இப்பவே போறேன். இன்னும் ஒரு பேட்ச், ஒண்ணே ஒண்ணு குடுங்கன்னு கேக்குறேன். குடுக்கலன்னா அவர் ரூம் வாசல்லயே உக்காந்துக்குறேன். பதிமூணு, ஆறு, மூணு, ஒண்ணு, அடுத்தது என்னன்னு அவரையே கேக்குறேன். சின்னப் புள்ளைக்குக்கூட விடை தெரியும்!

— அண்ணி, பின்னாடி...

— பூதக்கண்ணாடி கிட்டயும் கேக்குறேன். அதுவும் வந்து என் பக்கம் நிக்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டா மட்டும் போதுமா, நல்லது கண்ணுல பட வேணாமா?

— அண்ணி! மேடம் உங்க பின்னாடிதான் நிக்கிறாங்க!

— ...வணக்கம் மேடம்.

— ம். கண்ணாடியத் தொடச்சுட்டுத்தான் வந்திருக்கேன். இன்டர்காம ஸ்பீக்கர்ல போடுங்க, மூணு பேரும் பேசலாம்.

— போட்டேன் மேடம்.

— உள்ள கேக்குதாம்மா?

— கேக்குது மேடம்.

— எத்தன?

— ஒண்ணு மேடம்.

— முக்காலா, ஒண்ணேகாலா, ஒண்ணா?

— சரியா ஒண்ணு.

— ரெண்டாவது ஆசிட்?

— பூஜ்யம்.

— பாத்திரம்?

— சுத்தம் மேடம். கழுவின தண்ணியையும் ஓட்டிப் பாத்தேன்.

— கையெழுத்து போட்டாச்சா?

— போட்டாச்சு.

— சரி. உங்க அண்ணி கேட்டாங்களா? வேற மாதிரி எழுதச் சொல்லி?

— அது வந்து மேடம்...

— அவளக் கேக்காதீங்க மேடம், நான் சொல்றேன். கேட்டேன். பாத்திரம் அழுக்குன்னு எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். திட்டினேன், அழுதேன், எல்லாம் பண்ணினேன். அவ முடியாதுன்னா. தப்பு முழுக்க என்னோடது. ஃபர்னஸோட சேத்து என்னயும் அனுப்பணும்னா அனுப்புங்க, அவள ஒண்ணும் பண்ணாதீங்க.

— நான் முழுசா முடியாதுன்னு சொல்லல மேடம். கடைசியில பேனா எடுத்துட்டேன். அண்ணிதான் வைக்கச் சொன்னாங்க.

— நீ சும்மா இருடி!

— இல்ல அண்ணி, அதுவும் நடந்துச்சே.

— ம். ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. எனக்கே மூச்சு முட்டுது.

— மேடம், ஒரு வார்த்தை. டைரக்டர்கிட்ட நீங்க சொன்னா எடுபடும். இன்னும் ஒரே ஒரு பேட்ச். எங்க தப்பாச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, சிலிண்டர் மாத்தினப்ப காத்து விக்குச்சு...

— காத்து விக்கட்டும். நான் டைரக்டர்கிட்டருந்துதான் வர்றேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல சாப்பிடுறவங்க. இந்த ரூமுலருந்து பூஜ்யம்னு ஒரு தாள் போனா அவர் நம்பமாட்டாரு. சொல்லப் போனா நானும் நம்பமாட்டேன். யார் கேட்டாலும் நிக்கிற மாதிரி ஒரு அத்தாட்சி எனக்கு வேணும். அதான் நேத்து சாம்பிள் டப்பா பாப்பா கைக்கு வர்றதுக்கு முன்னாடி, அவர் கண்ணு முன்னாடியே அதத் தொறந்தேன்.

— தொறந்து?

— போன பேட்ச் மணி ஒண்ண எடுத்து, அதோட சட்டையக் கிழிச்சு, உங்க நல்ல மணிகளோட கலந்து விட்டேன். நான் போட்டதும் ஒண்ணுதான், பாப்பா கண்டுபுடிச்சதும் ஒண்ணுதான்.